முதலுதவிப் பெட்டியில் இல்லாத மருந்து

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

ஆண்டு மலருக்கு ஒரு கவிதை கொடு என்றார் நம் பேரவைச் செயலாளர். நட்பைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் எழுத இந்தக் கல்லூரியில் ஆளுக்கா பஞ்சம்? முதலாம் ஆண்டுத் தம்பிகளே ஆளுக்கு மூன்று கொடுத்திருப்பார்கள். எனக்குக் கவிதை வராது. கட்டுரைதான் வரும். அதுவும் கொஞ்சம் கசப்பான கட்டுரை. பொறுத்துக்கொண்டு படியுங்கள் நண்பர்களே!

முதலில் ஒரு கேள்வி. தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றி வகுப்பில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எந்தத் தீக்கு எந்தத் தீயணைப்பான், ஹெல்மெட் எதற்கு, பெல்ட் எதற்கு என்றெல்லாம் பக்கம் பக்கமாய் எழுதினோம். மார்க்கும் வந்தது. விபத்து வராமல் தடுப்பது எப்படி என்று படித்தோம். வந்துவிட்டால் கட்டுப்போடுவது எப்படி என்றும் படித்தோம். ஆனால் அடிபட்டவனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு, அங்கேயே நிற்கிறார்களே பத்துப் பேர், கையெல்லாம் ரத்தமாய், வாயில் பேச்சில்லாமல்... அவர்களை என்ன செய்வது? அந்தப் பக்கம் நம் புத்தகத்தில் இல்லை.

அந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நம்ம ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று வெளியூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, கல் ஏற்றிய டிப்பர் லாரி. பெரம்பலூர்ப் பக்கம் வந்தால் கல் குவாரி, கிரஷர், நடுவில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. ராத்திரி இரண்டு மணிக்கும் சைரன் கேட்கிற ஊர் இது. சைரன் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் தூங்குகிற அளவுக்குப் பழகிவிட்டோம்.

பழைய கதை ஒன்று. 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றில் விழுந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். இதைப் பொது அறிவுப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்த விபத்து மேடைக் கோஷமாகவும் ஆனது.

எங்கள் அப்பாயி அதே பக்கத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு ஆறு வயசு. அவருடைய அப்பா, ஊர் ஆட்களோடு சேர்ந்து ஆற்றுக்கு ஓடினாராம். என்ன பார்த்தார், என்ன தூக்கினார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லையாம். "மூணு நாள் சோறு எறங்கலடா சாமி. அப்புறம் சாகுற வரைக்கும் ரயிலே ஏறல" என்பார் அப்பாயி. அமைச்சரின் ராஜினாமா சரித்திரத்தில் இருக்கிறது. ஆற்றில் இறங்கிய அந்த மனிதர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றைக்கு அவர்களிடம் போய், தூக்கம் வருகிறதா என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. சரி, அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாம்.

2023 அக்டோபர் 9? தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், அதே அரியலூர் மாவட்டத்தில் திருமழபாடி பக்கம் விரகாலூரில் நாட்டுவெடித் தயாரிப்புக் கூடம் வெடித்தது. பத்து உயிருக்குக் குறையாமல் போயிற்று. நிவாரணத் தொகை அறிவித்தார்கள், வழக்குப் பதிவானது, தலைவர்கள் இரங்கல் சொன்னார்கள். எல்லாம் வேண்டியதுதான். நான் யோசிப்பது வேறு. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிட்ட ஆட்கள், சத்தம் கேட்டு வயலிலிருந்து ஓடி வந்தவர்கள், தீயணைப்பு வீரர்கள், 108 வண்டிக்காரர்கள்... இவர்களைப் பற்றி எழுத அந்தப் பட்டியல்களில் ஒரு கட்டம் உண்டா?

இனி என் வீட்டுக் கதை. அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க, ஆனா குவாரி பேரப் போடாத. இன்னும் ரெண்டு பேரு அங்கதான் வேல பாக்குறாங்க" என்றார். போடவில்லை.

அப்பா குவாரியில் கம்ப்ரஸர் ஆள். பாறையில் குழி போடுகிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்கு மறுநாள், மேலே இருந்த பாறை சரிந்து அவருடைய கூட்டாளி அடியில் சிக்கிக்கொண்டார். ஹிட்டாச்சி வருவதற்குள் அப்பாவும் நாலு பேரும் கையாலேயே கல்லைப் புரட்டினார்கள். எடுக்கும்போது உயிர் இல்லை. அடக்கச் செலவுக்குப் பணம் வந்தது. அரை நாள் லீவு விட்டார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. அப்பா ஏறிப் போனார்.

அதற்கப்புறம் வீட்டில் இருந்தவர் வேறொரு ஆள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து எங்களை எண்ணுவார். நான், தங்கச்சி, அம்மா, அப்பாயி. எண்ணி முடித்துப் படுப்பார், மறுபடி எழுந்து எண்ணுவார். தங்கச்சி கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு விழுந்த சத்தத்துக்குப் பாய்ந்து வந்து அவளை அடித்துவிட்டார். அதுவரைக்கும் எங்கள் மேல் கை வைத்தவரே இல்லை. அடித்துவிட்டு வெளியே போய் நின்று அழுதார். குடியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. "பயந்த கோளாறு" என்று அப்பாயி மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு திங்கட்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போய் அம்மா மாவிளக்குப் போட்டார். நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு டாக்டரிடம் போனதற்கு, கேஸ் டிரபுள் என்று மாத்திரை கிடைத்தது. (அப்பாயியின் கயிற்றை நான் கேலி செய்ய மாட்டேன். வீட்டில் முதன்முதலாக 'இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.) நானோ பத்தாம் வகுப்பு முடித்த தைரியத்தில், "சும்மா அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதப்பா, தைரியமா இருப்பா" என்று தினமும் அறிவுரை சொன்னேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தானே! படித்தவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் தப்பான வார்த்தை என்று இப்போது தெரிகிறது.

வழி காட்டியது யார் தெரியுமா? அப்பாயிக்குப் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் ஒரு அக்கா. ஒரு நாள் பிரஷர் பார்த்துவிட்டு, திண்ணையில் இருந்த அப்பாவிடம், "தூக்கம் வருதாண்ணே?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோதும் அதே கேள்வி. மூன்றாவது முறை அப்பா ஒரு மணி நேரம் பேசினார். அந்த அக்கா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. கடைசியில், "இதுக்கு டாக்டர் இருக்காருண்ணே. பைத்தியத்துக்கு இல்ல, இதுக்கு. நானே கூட வரேன்" என்றார். எங்கேக்கா கற்றுக்கொண்டீர்கள் என்று பிறகு கேட்டேன். "ஒரு நாள் கிளாஸ் எடுத்தாங்க தம்பி" என்றார்.

ஒரு நாள் வகுப்பு! அப்பா இப்போது தூங்குகிறார். எல்லா நாளும் என்று சொல்ல முடியாது. வேறு வேலைக்கு மாறிவிட்டார். மழை பெய்தால் மட்டும் இன்னும் எங்களை எண்ணுகிறார்.

அந்தக் கூட்டாளியின் குடும்பத்துக்கு நஷ்டஈட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். அப்போதுதான் சட்டத்தைப் புரட்டினேன். 1923-இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போனால் 40 சதவீதம் என்று உறுப்புக்கு உறுப்பு கணக்குப் போட்டிருந்தார்கள். டிப்ளமோ மாணவன் அல்லவா, அட்டவணை என்றால் எனக்குப் பிரியம். மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தேன். தூக்கம் போனால் எத்தனை சதவீதம்? எழுதவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அப்படித்தான். 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற பொறுப்பாளர் என்று 45-ஆம் பிரிவில் சொன்னது. நல்ல சட்டம். பஞ்சுக்கும் டிஞ்சருக்கும் ஒரு பொறுப்பாளர் வைத்தவர்கள், மனசுக்கு ஒருவரை வைக்க மறந்தார்கள்.

சரி, அந்தப் பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? மந்திரமா? தேடிப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதற்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. மனநல முதலுதவி என்று சொல்லலாம். அதன் சாரம் மூன்று வேலை: பார், கேள், சேர்த்துவிடு. முதலில் இடம் பத்திரமா, யாருக்கு அவசரம் என்று பார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னால் கேள், சொல்லாவிட்டால் சும்மா இரு. தண்ணீர், சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன், உண்மையான தகவல், தேவைப்பட்டால் மருத்துவர், இவற்றோடு அவரைச் சேர்த்துவிடு. சொல்லக் கூடாதவையும் உண்டு. "எல்லாம் விதி" என்று சொல்லாதே. "நீயாவது பொழச்சியே" என்று சொல்லாதே. உனக்குத் தெரியாததை வாக்குக் கொடுக்காதே. படிக்கும்போது என் காது சூடாகிவிட்டது. எங்கள் தெருவே கூடி அப்பாவிடம் சொன்னது "நீயாவது பொழச்சியே" என்பதைத்தான்.

இவ்வளவு சுலபமா, இதற்கு எதற்குப் பயிற்சி என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நல்ல மனசு மட்டும் போதாது என்று படித்தவர்களே அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1980-களில் அமெரிக்காவில் ஒரு முறை புறப்பட்டது. விபத்து நடந்த இரண்டு மூன்று நாளுக்குள் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, பார்த்ததையெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்ல வைப்பது. மனசில் உள்ளதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது எண்ணம். உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அதைச் சோதித்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2002-இல் காக்ரேன் ஆய்வுக் குழு வெளியிட்டது. ஒரே ஒரு முறை உட்கார வைத்துக் கொட்டச் சொல்வதால் பின்னால் வரும் நோய் தடைபடவில்லை. சிலருக்கு நிலைமை மோசமானதாகவும் தெரிந்தது. ஆறாத புண்ணைக் கிளறிய கதை! அதனால்தான் இன்றைய பயிற்சியில் முதல் பாடமே, வற்புறுத்திப் பேச வைக்காதே என்பது. மைக்கை நீட்டி, "அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கிற செய்தியாளர் அண்ணன்களும் இந்த வகுப்புக்கு வரலாம். கட்டணம் வேண்டாம்.

இன்னொரு பாடம்: எல்லோருக்கும் டாக்டர் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் குடும்பமும் ஊரும் துணையிருந்தால் சில வாரத்தில் தானாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, கண் முன்னால் அதே காட்சி, சத்தத்துக்குத் துள்ளல், அந்த இடத்துப் பக்கமே போக முடியவில்லை என்றால் அப்போது டாக்டர் அவசியம். யார் முதல் வகை, யார் இரண்டாம் வகை? இதைப் பிரித்தறியத்தான் பழகிய கண் வேண்டும். பிரிட்டனில் ராயல் மரீன்ஸ் என்ற கடற்படை வீரர்கள் 1990-களில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். டாக்டர் யாரும் இல்லை. கூட வேலை செய்கிற சாதாரண வீரர்களையே பயிற்றுவித்தார்கள். சம்பவம் நடந்து மூன்று நாள் கழித்து ஒரு பேச்சு, ஒரு மாதம் கழித்து இன்னொரு பேச்சு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தேறாதவரை மருத்துவரிடம் அனுப்புவது. மீட்டர் ரீடிங் எடுப்பது மாதிரிதான். இதை நம் சிமெண்ட் ஆலை போர்மேன் செய்ய முடியாதா?

உதவப் போகிறவர்களுக்கும் இது நேரும் என்பதை ஒடிசாவில் பார்த்தோம். 2023 ஜூன் 2, பாலசோர். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து. அங்கே பிணங்களுக்கு நடுவே வேலை செய்துவிட்டுத் திரும்பிய தேசியப் பேரிடர் மீட்புப் படை வீரர் ஒருவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே ரத்தமாகத் தெரிகிறது, இன்னொருவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று அந்தப் படையின் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். வீரர்களுக்கு மனநல ஆலோசனை தருவதாகவும் சொன்னார். பேரிடருக்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களின் நிலை அது. அப்படியானால் 1956-இல் மருதையாற்றில் இறங்கிய என் கொள்ளுத்தாத்தா கோழை இல்லை!

நம் நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1984 டிசம்பரில் போபால் விஷவாயு. மனநல மருத்துவர்கள் போதாது என்று தெரிந்ததும், 1985-இல் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கே இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் வந்து ஊர் ஊராகச் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2009-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. ஆக, டில்லியில் காகிதம் இருக்கிறது, பெங்களூரில் ஆசிரியர் இருக்கிறார். ஆனால் பயிற்சி, ஆயிரக்கணக்கில் செத்தால்தான் ஊருக்கு வருகிறது. ஒருவர், இருவராகச் சாகிற குவாரிக்கும் கிரஷருக்கும் யார் வருவார்கள்?

யாரும் வர வேண்டாம். நாமே இருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். படிப்பு முடித்து நாம் எங்கே போகப் போகிறோம்? பாதிப் பேர் இதே சிமெண்ட் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போவோம், சிலர் நெய்வேலிக்குப் போவோம். அந்த நெய்வேலியில் 2020-இல் மே மாதம் ஒரு முறை, ஜூலை மாதம் ஒரு முறை, ஒரே அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து ஆட்கள் செத்தார்கள். ராத்திரி ஷிப்டில் மேனேஜர் இருக்க மாட்டார், டாக்டர் இருக்க மாட்டார். ஷிப்ட் இன்சார்ஜ் என்று ஒரு டிப்ளமோ பையன் இருப்பான். இருபத்திரண்டு வயசு. விபத்து நடந்தால் பத்துத் தொழிலாளிகள் திரும்பிப் பார்ப்பது அவன் முகத்தைத்தான். "சார், இப்ப என்ன சார் பண்றது?" என்று நம் அப்பா வயசு ஆட்கள் கேட்பார்கள். மறுநாள் காலை அவர்களை அதே இடத்துக்கு அனுப்புவதா, இரண்டு நாள் வேறு வேலை கொடுப்பதா என்று முதலில் சொல்ல வேண்டியவனும் அவன்தான். என் அப்பாவை மறுநாளே வண்டியில் ஏற்றிய சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

இதை விடுதியில் பேசியபோது என் நண்பன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். "முதலாளிக்கு நல்ல வழி காட்டுறடா! பாறையைச் சரியா வெட்டச் சொல்லு, ஹெல்மெட் கொடுக்கச் சொல்லு, நஷ்டஈட்டை ஒழுங்கா கொடுக்கச் சொல்லு. அதையெல்லாம் விட்டுட்டு, கவுன்சிலிங் கொடுத்தோம், கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்லப் போறாங்க." நியாயமான பயம். நானும் ஒப்புக்கொள்கிறேன். பாறை சரியாமல் வெட்டுவதுதான் முதல் வேலை, அதற்கு ஈடாக எதையும் வைக்க முடியாது. நஷ்டஈட்டில் ஒரு ரூபாய் குறைந்தாலும் இந்தத் திட்டமே வேண்டாம். தொழிலாளி சொன்னதைக் குறித்து வைத்து நிர்வாகத்திடம் கொடுக்கிற ஆளாகவும் பயிற்சி பெற்றவர் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் எவன் வாய் திறப்பான்? ஆனால் நண்பா, பாறை சரிந்தே விட்டது. சட்டம் தன் கடமையைச் செய்ய ஒன்றரை வருஷம் ஆகும். அந்த ஒன்றரை வருஷமும் ராத்திரி ராத்திரி எழுந்து பிள்ளைகளை எண்ணுகிறவனுக்கு என்ன பதில்?

ஆகவே என் கோரிக்கை. ஐந்தாம் செமஸ்டரில் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். பரீட்சை வேண்டாம், மார்க் வேண்டாம். மார்க் வைத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவோம்! ஒருவன் தொழிலாளியாகவும் ஒருவன் சூப்பர்வைசராகவும் நடித்துப் பழக வேண்டும். சொல்லித்தர அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல மருத்துவர்களை அங்கிருந்து அழைக்கலாம். 108-இல் வேலை பார்க்கும் ஒரு அண்ணனையும், தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். அவர்கள் பாடம் நடத்த மட்டும் வரக் கூடாது, உட்கார்ந்து கேட்கவும் வர வேண்டும். சுரங்க மேட், குவாரி மேஸ்திரி, ஊர் ஊராகப் பிரஷர் பார்க்கப் போகும் அக்காமார் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. நாளைக்குச் சம்பவம் நடந்தால் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்திருக்கும். பாடத்திட்டம் மாற நாளாகும் என்று தெரியும். அதுவரை நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்குக் கொடுக்கலாம். மரம் நடுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் நட்ட இடத்திலேயே இந்த வருஷமும் குழி வெட்டினோம்.

அதோடு 14416 என்ற எண்ணை எல்லா லேப் கதவிலும் ஒட்டி வைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசாங்கத் தொலைபேசி உதவி, 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஒட்டுவதற்குப் பசை மட்டும்தான் செலவு.

வரும் பேரவைப் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மெக்கானிக்கல் கடைசி பெஞ்சில் வந்து பெயர் கொடுக்கலாம்.